மூன்று கிழமை ஊறிய மட்டை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டவர் என் வெற்றிகளைத்தான் எதிர்பார்த்திருப்பார். அவற்றை எழுதினால் அரைப்பக்கத்தோடு முடிந்துவிடும். அந்த அரைப்பக்கத்தையும் எங்கள் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, இதில் பாதி புளுகு என்பார். பிழைகளை எழுதுவதென்றால் எண்பது பக்கக் கொப்பியும் போதாது. ஆகவே ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அது நான் உங்களைப் போலப் புதிதாக வந்தபோது செய்த பிழை அல்ல. ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் இருக்கும்போது, வாகாகச் செய்த பிழை. புதியவர் பிழை விட்டால் பக்கத்தில் நிற்கும் யாராவது பிடித்துவிடுவார்கள். தலை நரைத்த விவசாயப் போதனாசிரியர் பிழை விட்டால் எல்லோரும் அதைக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்கு வெயிலில்தான் நாட்டம். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று செம்மண் முழுதும் வெயில் குடிக்கும் பயிர்கள். என் பைத்தியம் நிழல். மாமரத்துக்குக் கீழே, மதிலுக்குப் பின்னால், கிணற்றடி ஓரத்தில், ஒருமுறை வைத்தால் வருடக்கணக்காக நிற்கும் செடிகளை வைக்கச் சொல்லி வீடுவீடாகத் திரிந்தேன். கொக்குவிலில் எங்கள் வளவுப் பலாமரத்தின் கீழும் அந்தூரியமும் பன்னச் செடிகளுமாக அப்படியொரு தோட்டம் இருக்கிறது. தன் சாய்மனைக் கதிரைக்கு இடமில்லாமல் போனது பற்றி வீட்டுக்காரர் இன்னும் முறைப்பாடு செய்துகொண்டிருக்கிறார். முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது.

குருநகர்ப் பக்கம் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. வீடுகள் நெருக்கம், மண் உவர், கிணறும் உவர். கடலை நம்பியிருக்கும் ஊருக்கு விவசாயப் போதனாசிரியர் எதற்கு? ஆனாலும் ஒரு நாள் கோயில் பெண்கள் சங்கத்தில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச அழைத்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார்.

"மிஸ், வெயிலே விழாத வீட்டு முத்தத்திலை என்ன வரும்?"

அவர்தான் பிலோமினா. கேள்வி கேட்டுவிட்டு எழும்பி நிற்க முயன்றார், முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சந்தையில் குந்தியிருந்து மீன் வெட்டி விற்ற முழங்கால்.

"நான் எழும்பிறதுக்கு ரெண்டு பேர் பிடிக்கவேணும் மிஸ். மூண்டாவது ஆள் நிண்டு சிரிக்கும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிறகு என்னைத் தனியாகப் பிடித்துச் சொன்னது சிரிப்பில்லை. இன்னும் ஒரு வருடம் சந்தையில் இருந்தால் பிறகு நடக்கவே மாட்டீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவர் கணவர் கடலுக்குப் போகிறார். ஆனால் ஒரு ஆளின் உழைப்பில் அந்த வீடு ஓடாது. வீட்டில் இருந்தபடி செய்ய ஒரு வேலை வேண்டும், இருப்பதோ நிழல் மூடிய முற்றம் மட்டும்தான்.

போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய வேம்பு, மேற்கே பக்கத்து மாடிவீட்டுச் சுவர். காலையில் ஒரு மணித்தியாலம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நான் சந்தோசத்தில் துள்ளாத குறை. அந்தூரியத்துக்கு இதைவிட நல்ல இடம் எங்கே? பூ வெட்டினால் கிழமைக்கணக்காக, பதினைந்து இருபது நாள்கூட, வாடாது. கோயில்களுக்கும் கலியாண மண்டபங்களுக்கும் தேவை. குழாயில் காலையில் நல்ல தண்ணீரும் வந்தது. ஒரு வேலிகூட இல்லாமல் அதே முற்றத்தைப் பங்குபோட்ட பக்கத்து வீட்டில் பிலோமினாவின் மச்சாள் ஜெசிந்தா இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் முதலில் கன்றுகள் கொடுப்பது, அவை நன்றாக நின்றால் சங்கத்தில் மற்றப் பெண்களுக்கும் கொடுப்பது என்று அலுவலகத்தில் முடிவாயிற்று. நிற்காவிட்டால் கன்றுகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

அந்தூரியத்துக்கு மண் வேண்டியதில்லை. தேங்காய்மட்டையைத் துண்டுதுண்டாக வெட்டிச் சாடியில் நிரப்பி அதில் வைத்தால் போதும். மட்டையில் இருக்கும் சாயம் போவதற்காக முதலில் ஊறவைக்க வேண்டும். இதையெல்லாம் நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "மட்டையை மூன்று கிழமை ஊறவைத்து எடுத்து, பிறகு சாடியை நிரப்பவும்." கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. அதில் பிழை பிடிக்க யாராலும் முடியாது என்று நினைத்தேன்.

பிலோமினா தாளைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஜெசிந்தா அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் கண்டதில்லை.

மாரி முடிந்து தை மாதம் கன்றுகள் வைத்தோம். மாசியில் நன்றாகத்தான் இருந்தன. பங்குனியில் பிலோமினாவின் செடிகளில் இலைநுனி கருகத் தொடங்கியது. பிறகு விளிம்பெல்லாம் பழுப்பு நிறமாகி முறுகியது. பழைய இலை மஞ்சளித்து விழுந்தது, புது இலை வரவில்லை.

வேம்பு இலை கொட்டும் காலம், வெயில் கூடிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். பிலோமினா பழைய வலை ஒன்றைக் கழுவி, நாலாக மடித்து, சாடிகளுக்கு மேலே கட்டினார். எங்கள் அலுவலகம் விற்கும் நிழல்வலையைவிட அழகாக இருந்தது. கருகல் நிற்கவில்லை. நோய் என்றேன், மருந்து அடித்தோம். நிற்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டது என்றேன், ஒரு கிழமை கழித்துத் தண்ணீர் குறைந்துவிட்டது என்றேன். இரண்டையும் ஒரே முகத்தோடு சொன்னேன். அனுபவம் என்றால் சும்மாவா?

கடைசியில் ஒரு நாள் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, சாடிகளுக்குப் பக்கத்தில் மீன்பெட்டி கவிழ்த்து வைத்திருப்பதைக் கண்டேன். எனக்குள் மின்விளக்குப் பற்றியது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர்!

"பிலோமினா, உண்மையைச் சொல்லுங்கோ. மீன்பெட்டித் தண்ணியைத்தானே இதுக்குள்ளை ஊத்துறனீங்கள்? அதாலைதான் இப்பிடிக் கருகுது. செடியைக் குடுக்க முதல் நான் இதை யோசிச்சிருக்கவேணும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிலோமினா சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"குழாயிலை வாற நல்ல தண்ணியைத்தான் மிஸ் ஊத்துறனான். அதைச் செடிக்குக் குடுத்திட்டு நாங்கள் கிணத்து உவரிலை குளிக்கிறம். மீன் விக்கிற வீடெண்டபடியா மீன்தண்ணிதான் ஊத்துவம் எண்டு நினைச்சிட்டியளோ?"

நான் நம்பவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றும் கூசுகிற இடம். செடியைப் பார்த்து நோய் சொல்லவேண்டிய நான், வீட்டைப் பார்த்து நோய் சொன்னேன். அந்த நாளுக்குப் பிறகு பிலோமினா என்னோடு கதைத்ததெல்லாம் "ஓம் மிஸ்", "இல்லை மிஸ்" மட்டும்தான். தேத்தண்ணீர் வந்தது, சீனி குறைந்திருந்தது.

அடுத்த மாதம் சங்கத்துப் பெண்களும் கூடி நிற்க, எங்கள் உதவிப் பணிப்பாளர் பார்க்க வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். சபையில் நான் அவரைச் சேர் என்பேன், அலுவலகத்து வாசலைத் தாண்டினால் தம்பி. மற்றப் பெண்களுக்குக் கன்று கொடுப்பதா, ஊரை மாற்றுவதா என்று அன்றே முடிவெடுக்க வேண்டும், கன்றுகள் நாற்றுமேடையில் காத்திருந்தன. என் கைப்பையில் அறிக்கை தயாராக இருந்தது. "பயனாளி அறிவுறுத்தல்களைப் பின்பற்றவில்லை" என்று அதில் நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

தம்பி பிலோமினாவின் சாடிகளைப் பார்த்தார். முகம் வாடியது. "மிஸ், உங்கடை அறிக்கையைத் தாங்கோ. நீங்கள் எழுதினால் சரியாத்தான் இருக்கும். நான் கையெழுத்து வைச்சிட்டுப் போறன்," என்றார்.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, இந்தத் தொழிலில் யாராவது உங்களைத் திட்டினால் பயப்படாதீர்கள். இப்படி யாராவது முழுதாக நம்பினால் பயப்படுங்கள். நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் தம்பி தற்செயலாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "அது ஆற்றை சாடி?" என்று கேட்டார்.

ஜெசிந்தாவின் சாடிகள். இலையெல்லாம் மினுமினுவென்று கரும்பச்சை. ஒன்றில் மொட்டுக்கூட இருந்தது. நான் அவற்றைப் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அவள் சொன்னபடி செய்திருக்கிறாள், மூத்தவர்தான் செய்யவில்லை என்று அதையும் என் அறிக்கைக்குச் சாட்சியாக எழுதியிருந்தேன். ஆனால் அன்று, கைப்பைக்குள் கையை விட்டபடி நிற்கும்போது, வேறொன்று உறைத்தது. அதே வேம்பு. அதே சுவர். அதே குழாய்த் தண்ணீர். ஜெசிந்தா வீட்டிலும் மீன்பெட்டி இருந்தது. அதோடு, நான் அறிந்த ஜெசிந்தா சொன்னபடி செய்கிற ஆளே அல்ல.

"ஒரு நிமிசம் சேர்," என்றேன். ஜெசிந்தாவிடம் போனேன். "பிள்ளை, மட்டை ஊறப்போட்டனீரோ?"

"ஓம் மிஸ்."

"மூண்டு கிழமையோ?"

அவள் மச்சாளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். நான் ஏசமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது.

"ஊறப்போடேல்லை மிஸ். ஆர் அவ்வளவு மட்டையையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போறது? தாழ்வாரத்துக்குக் கீழை பழைய மட்டை கிடந்தது. மாரி முழுக்க மழையிலை நனைஞ்சதுதானே எண்டு அதை வெட்டிப் போட்டனான்."

எனக்கு அவளுடைய சோம்பலில் காது நிற்கவில்லை. கரைக்கு என்ற சொல்லில் நின்றது. திரும்பினேன்.

"பிலோமினா, நீங்கள் எங்கை ஊறப்போட்டனீங்கள்?"

"கரையிலைதான் மிஸ். மட்டையை வேறை எங்கை ஊறப்போடுறது? எங்கடை ஆக்கள் கயித்துத் தும்புக்கு ஊறப்போடுற கடல்தண்ணிக் குழியிலை, கல்லை ஏத்தி, மூண்டு கிழமை. ஒரு நாளும் குறைக்கேல்லை. இந்தக் காலோடை தினமும் போய்க் கல்லு விலகிச்சோ எண்டு பாத்தனான்."

கடலில். மூன்று கிழமை. அந்த முழங்காலோடு.

நான் பிறந்து வளர்ந்தது கொக்குவிலில். ஊறவைப்பது என்றால் எங்களுக்குக் கிணற்றடித் தொட்டி. கடற்கரை ஊரில் மட்டை ஊறுவது கடலில். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து அங்கேதான் ஊறுகிறது. எதில் ஊறவைக்க வேண்டும் என்று என் முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிலோமினாவின் சாடியில் இருந்து ஒரு துண்டு மட்டையை எடுத்து நாக்கில் வைத்தேன். கருவாட்டைக் கடித்தது போல இருந்தது. மாதக்கணக்காக அந்தச் செடிகள் அதில்தான் வேர்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. சோம்பேறியின் செடி தழைத்தது, என் சொல்லை எழுத்துப் பிசகாமல் கேட்டவரின் செடி செத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி கையை நீட்டியபடி, அறிக்கைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு வழி இருந்தது. பழுதான மட்டை என்று பொதுவாகச் சொல்லி, மெல்லச் சமாளித்துவிட்டு ஜீப்பில் ஏறலாம். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வந்தது, சில கணம் இருந்துவிட்டும் போனது. ஆனால் சமாளித்தால் மீன்தண்ணீர்க் கதை அந்த முற்றத்தில் அப்படியே நின்றுவிடும்.

"சேர், பிலோமினா சொன்னபடிதான் செய்தவ. சொன்ன நான்தான் பிழை. கடலிலை ஊறின மட்டை. எதிலை ஊறவைக்கவேணும் எண்டு நான் எழுதேல்லை. மீன்தண்ணி எண்டு நான் சொன்னதும் பிழை."

தம்பி நீட்டிய கையை இறக்கினார். "அப்ப அறிக்கையிலை என்னெண்டு எழுத?" என்றார்.

"இப்ப சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. என்ரை பேரையும் போடுங்கோ."

ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எனக்கு ஏச்சு இல்லையோ மிஸ்?" சங்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

தம்பி ஒன்றரை மாதத் தவணை தந்தார். பாதிச் சாடிகளிலாவது புது இலை வந்தால் மற்றவர்களுக்கும் கன்று, இல்லாவிட்டால் ஊர் மாற்றம். அன்று பின்னேரமே சாடிகளைக் கொட்டினோம். வேர்களைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், குழாயோ காலையில் மட்டும்தான் வரும். சங்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்ததில் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்தார்கள். ஜெசிந்தாவின் தாழ்வாரத்து மட்டை முழுவதும் பறிபோனது. தன் சோம்பலால் ஊருக்கே நன்மை என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் தாளைத் திருத்தி, "உப்பில்லாத தண்ணீரில், இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி" என்று புதிதாக எழுதினேன். கொடுக்கும் முன் ஒவ்வொரு வரியையும் ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிழையாகச் செய்ய எத்தனை வழி இருக்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

கொஞ்சச் செடிகள் செத்தன. அவற்றை வெளியே எடுத்து வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. பிலோமினா கண்டும் காணாதது போல இருந்தார். மற்றவை இரண்டு கிழமை அப்படியே நின்றன, பிறகு சுருட்டிய வெற்றிலை போலச் செம்பழுப்பில் இலைக்குருத்து வெளிவந்தது. தவணைக்கு வந்த தம்பி கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, ஒவ்வொரு சாடியாகப் பார்த்தார். பாதிக்கு மேல் தேறியது. நாற்றுமேடையில் இருந்த கன்றுகள் குருநகருக்கே வந்தன.

அந்த வருடக் கடைசியில் பிலோமினாவின் சாடிகளிலும் முதல் பூக்கள் வந்தன. அவை கோயில் பீடத்துக்குப் போய்விட்டன என்று மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பிலோமினா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதும் அப்படி அறிந்ததுதான். எனக்கு அவர் இன்னும் "ஓம் மிஸ்", "இல்லை மிஸ்"தான்.

சபையில் என் பிழையைச் சொல்லியிருந்தேனே தவிர, அவரிடம் நேரே மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல, நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள். சபையில் சொன்னதில் கொஞ்சம் வீரமும் இருந்தது, பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஒரு நாள் தனியாகப் போனேன். பிலோமினா கதிரையில் இருந்து காய்ந்த இலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். உங்களை அப்படிக் கேட்டது பெரிய பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கத்தியை மடியில் வைத்தார்.

"அது போகட்டும் மிஸ். எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஜெசிந்தா உங்கடை சொல்லைக் கேக்கேல்லை, அவளின்ரை செடி நிண்டது. நான் கேட்டனான், என்ரை செத்தது. இனி நீங்கள் சொல்லுறதை நான் செய்யிறதோ, விடுறதோ?"

முப்பது வருடச் சேவையில் இப்படியொரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காதபடி நான் பார்த்துக்கொண்டேன் என்று இப்போது விளங்குகிறது.

"ஏன் எண்டு முதல் என்னட்டைக் கேளுங்கோ," என்றேன். "நான் சொல்லுற காரணம் சரியெண்டு பட்டால் செய்யுங்கோ."

பிலோமினா தலையாட்டினார். உடனேயே ஒரு சாடியை இழுத்தார். தாய்ச்செடியின் அடியில் இரண்டு குட்டிகள் வந்திருந்தன. அவற்றைப் பிரித்துத் தனியாக வைக்க வேண்டும்.

"இதை எத்தினை வேரோடை வெட்டவேணும்?"

"ரெண்டு மூண்டு வேர் இருந்தால் போதும்."

"ஏன்?"

"புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"புத்தகம் எழுதினவர் குருநகரிலையோ இருந்தவர்? இந்த வெக்கைக்கும் உப்புக்காத்துக்கும் ரெண்டு வேர் காணுமோ?"

எனக்குத் தெரியாது. முப்பது வருடம் நிழலில் செடி வளர்த்தவளுக்கு உண்மையாகவே தெரியாது. வாயில் ஒரு பதில் வந்து நின்றது, அதை விழுங்கினேன்.

"தெரியாது பிலோமினா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, பல் தெரியச் சிரித்தார். கத்தியை என் கையில் தந்தார்.

"அப்ப ஒண்டை ரெண்டு வேரோடை வெட்டுங்கோ, மற்றதை நாலு வேரோடை வெட்டுங்கோ. செத்தால் ரெண்டு பேருமாச் சேந்து அழுவம்."